ரேகை விழாத கை

கடன் கேட்கப் போகிற அன்றைக்கு நல்ல புடவை கட்டக் கூடாது. ரொம்பப் பழசும் கட்டக் கூடாது. நல்லதாகக் கட்டினால், இவளுக்கு எதற்குக் கடன் என்று நினைப்பார்கள். பழசாகக் கட்டினால், இவள் எங்கே திருப்பிக் கட்டப் போகிறாள் என்று நினைப்பார்கள். நடுவாந்திரமாக ஒன்று இருக்க வேண்டும். என்னிடம் அப்படி ஒரு பச்சைப் புடவை இருக்கிறது. ஜான்சி வீட்டு வாசலில் உட்கார்ந்த அன்றைக்கும் அதைத்தான் கட்டியிருந்தேன்.

என் பெயர் அமராவதி. கடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவில், செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக இருக்கிற ஊர். முந்திரிக்கொட்டை உடைப்பது என் வேலை. கொட்டையைக் கல்லின் மேல் வைத்துக் கட்டையால் ஒரு போடு போட வேண்டும். பருப்பு உடையக் கூடாது, ஓடு மட்டும் பிளக்க வேண்டும். பிளக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் தெறிக்கும். அது பட்ட இடம் பொத்துப்போகும், கறுக்கும், தோல் உரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்போம். அப்படியும் கை கைபோல இருக்காது. கல்யாணமான வருடத்திலிருந்து உடைக்கிறேன். என் விரல்களைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும், தேய்ந்த செருப்பு மாதிரி.

எழுத்துப் படித்தது நாற்பது வயதுக்கு மேல்தான். குழுத் தலைவி என்றால் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் நடந்த வகுப்புக்குப் போனேன். முதலில் என் பெயர் வந்தது. பிறகு பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயர் வந்தது. பிறகு மெதுவாக எல்லாம் வந்தது. அதனால் கோர்வையாகச் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கடனுக்காக நான் ஏறி இறங்காத இடம் இல்லை. முதலில் கூட்டுறவு சங்கத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“நெலம் இருக்கா?”

“இல்ல சார்.”

“நகை?”

“தோடு மட்டும்தான் சார்.”

“சம்பளக்காரங்க ரெண்டு பேரு ஜாமீன் போடுவாங்களா?”

“அப்படி ரெண்டு பேரு எனக்கு இருந்தா, நான் ஏன் சார் உங்ககிட்ட வர்றேன்?”

அவர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அவர் சட்டம் அப்படி.

தண்டல்காரரிடமும் வாங்கியிருக்கிறேன். காலையில் கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பார். சாயந்திரம் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பார். தெருவில் எல்லோருக்கும் யார் வீட்டு ஹாரன் என்று தெரியும். மகளிர் குழுவில் எங்கள் சேமிப்பையே சுற்றி வாங்கிக்கொள்வோம். அது மருந்துச் செலவுக்குக் காணும், வேறு எதற்கும் காணாது. கடைசியில்தான் கம்பெனிக் கடன் வந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து வந்தால் போதும் என்றார்கள். நிலம் வேண்டாம், நகை வேண்டாம். ஒருத்திக்கு மற்ற நாலு பேர் ஜாமீன். நிலத்துக்குப் பதிலாக மனுஷி.

எங்கள் ஐந்து பேரில் நான் தலைவி. மங்கலம், கலைமணி, தில்லையம்மாள், ஜான்சி மற்ற நாலு பேர். செவ்வாய்க்கிழமை தோறும் கம்பெனி ஆள் பாலகுமார் வருவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் சேர்த்துக் கட்ட வேண்டும். நாலு பேரிடமும் இருக்காது என்பது அவருக்கும் தெரியும். அதனால் உட்காரச் சொல்வார்.

உட்காருவது என்றால் பெரிய விஷயம் இல்லை. கட்டாதவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். திட்ட மாட்டோம், கை வைக்க மாட்டோம். வெற்றிலை போடுவோம், பேன் பார்ப்போம், கதை பேசுவோம். ஆனால் அவள் வெளியே போக முடியாது. போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். மதியத்துக்குள் பணம் எங்கிருந்தோ வந்துவிடும். உட்கார வந்தவர்களுக்கு அந்த வீட்டுக்காரி டீ போட்டுக் கொடுக்க வேண்டும். யாரும் சொல்லி வைத்தது இல்லை, அப்படியே ஒரு வழக்கம். டீ கொடுக்காவிட்டால், கடனும் கட்டாமல் திமிரைப் பார் என்று பேசுவோம்.

தப்பிக்க எல்லோரும் ஏதாவது செய்து பார்ப்பார்கள். கலைமணி வீட்டில் உட்கார்ந்தபோது அவள் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்தோம், எழவில்லை. “ஏ, இவ தாலியில குண்டு இருக்குல்ல, அத கழட்டலாமா?” என்று மங்கலம் கேட்டதும் ஒரு கண்ணைத் திறந்தாள். மங்கலம் வீட்டில் உட்கார்ந்தபோது, ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மா சாகக் கிடக்கிறாள், விடுங்கள் என்று அழுதாள். போன் போட்டுப் பார்த்தோம். அவள் அம்மாவே எடுத்து, “என்னாடி, சாப்டீங்களா?” என்றாள். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். உட்காருகிற இடத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று யார் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சுப்புராயன் இறந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தோப்பில் சருகைக் கூட்டிக் கொட்டை பொறுக்கப் போனவர், விரலைப் பிடித்துக்கொண்டு வந்தார். “பூரான் கடிச்சுட்டாப்ல இருக்கு” என்றார். நான் பார்த்தேன். ஊசி குத்தினதுபோல ரெண்டு புள்ளி. வீக்கம் இல்லை, பெரிய வலியும் இல்லை. சுண்ணாம்பு தடவிவிட்டேன். சோறு போட்டேன். வயிற்றைப் பிசைகிறது என்றார், பழைய குழம்பு சேரவில்லை என்று நினைத்தேன். கண் சொக்கியது, தூக்கம் என்று நினைத்தேன். வாய் குழறியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடலூர் பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

“இது கட்டுவிரியன்மா. வீங்காது, வலிக்காது. அதான் எல்லாரும் பூரான்னு ஏமாந்துடுறீங்க. முன்னாடியே கொண்டாந்திருந்தா ஊசி இருக்கு, பொழச்சிருப்பாரு. கண்ணத் தொறக்க முடியாது, பேச முடியாது. ஆனா நீங்க பேசுறது அவருக்குக் காதுல விழும். ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க.”

வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

காரியம் முடிந்த பிறகு பாலகுமார் வந்தார். “அக்கா, உங்க கடன் க்ளோஸ். வீட்டுக்காரர் பேர்லயும் இன்சூரன்ஸ் இருந்துச்சு, பாக்கி எல்லாம் தள்ளுபடி” என்றார். கடன் வாங்கினவளோ அவள் புருஷனோ செத்தால் கடன் முடிந்துவிடும் என்று முதல் கூட்டத்திலேயே அவர் சொல்லியிருந்தாராம். அப்போது காதில் வாங்கவில்லை. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். செவ்வாய்க்கிழமையை நினைக்காமல் தூங்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஒரே மகள் இலக்கியா. சிதம்பரத்தில் வாத்தியார் படிப்பு படிக்கிறாள். அவள் கை கொட்டை உடைக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு இருந்த ஆசை. முதல் வருடப் பணம் கட்டக் கம்பெனியில் கடன் கேட்டேன். அதற்குள் அங்கே கையெழுத்து போதாது, விரல் வைக்க வேண்டும் என்று மெஷின் கொண்டுவந்துவிட்டார்கள். கையெழுத்துக்காகத்தான் நான் அந்த வயதில் எழுத்துப் படித்தேன்.

பத்து விரலையும் வைத்துப் பார்த்தார் பாலகுமார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன். ஈரத்துணியால் துடைத்து வைத்தேன்.

“அக்கா, உங்க ரேகையெல்லாம் முந்திரி தின்னுடுச்சு” என்றார்.

“ரேஷன் கடையிலயும் இப்படித்தான் சார் சொல்றாங்க.”

“வேற யாரு பேர்லயாவது எடுத்துக்குங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

அப்போது எனக்கு ஜான்சி ஞாபகம் வந்தது.

ஜான்சி கடலூர் முதுநகர்ப் பெண். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். எங்கள் ஊர் ராஜவேலைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ராஜவேல் போர்வெல் லாரியில் வெளியூர் வெளியூராகப் போவான். மாதம் ஒரு தரம் வருவான். துணைக்கு ஆள் இல்லாத பெண். என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். பெற்ற பெண்ணைப் போலத்தான் பார்த்துக்கொண்டேன். முந்திரி ஷெட்டில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும், ஐந்து பேர் கணக்குக்காகக் குழுவில் சேர்த்ததும் நான்தான். உடைக்கிற பக்கம் போகாதே, தோல் உரிக்கிற பக்கம் உட்கார் என்று சொல்லி உட்கார வைத்தேன். பருப்பின் மேல் இருக்கிற சிவப்புத் தோலை உரிப்பதில் எண்ணெய் கிடையாது. அவள் விரல் பூப்போல இருக்கும்.

“எனக்கு எதுக்கு பெரிம்மா கடனு? அவரு அனுப்புறதே போதும்” என்றாள்.

“உனக்கு இல்லடி, எனக்கு. பேரு மட்டும் உன்னுது. தவணைய நான் உன் கையில குடுத்துடுவேன், நீ கட்டுற மாதிரி கட்டு.”

“அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு.”

“எப்படித் தெரியும்? நான் இருக்கேன்ல.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்து மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. “பாத்தீங்களா, ஒரே வெரல்ல விழுந்துடுச்சு” என்று சிரித்தாள். இலக்கியாவுக்குப் பணம் கட்டினோம். குழுவில் யாருக்கும் தெரியாது. பாலகுமாரும் அதற்குப் பிறகு தெரியாததுபோலவே இருந்தார்.

நான் ஒழுங்காகத்தான் கொடுத்துவந்தேன். திங்கட்கிழமை சாயந்திரமே அவள் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிடுவேன். பிறகு ஷெட்டுக்குக் கொட்டை உடைக்கிற மெஷின் வந்தது. வாரத்தில் பாதி நாள் எங்களை வரவேண்டாம் என்றார்கள். நான் கொடுப்பது குறைந்தது, பிறகு நின்றது. வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததிலிருந்து ஜான்சி கட்டினாள். பிறகு கொலுசை வைத்துக் கட்டினாள். ராஜவேல் வீடியோ போனில் காலைப் பார்த்துவிட்டு, கொலுசு எங்கே என்று கேட்டானாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“பெரிம்மா, குழுவுல சொல்லிடலாமா? கடன் உங்களுதுன்னு.”

நான் கோபப்படவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். “சொல்லு. ஆனா சொன்னா நம்ம அஞ்சு பேருக்கும் இனிமே எங்கயும் கடன் கெடைக்காது. மெஷின்ல வெரல் வச்சது நீ. போலீசுக்குப் போனா உன்னத்தான் கேப்பாங்க. இலக்கியா படிப்பு பாதியில நிக்கும். யோசிச்சுக்க” என்றேன். இதில் எதுவும் பொய் இல்லை.

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். “மன்னிச்சுக்குங்க பெரிம்மா. என்னால அவருகிட்ட இதுக்கு மேல பொய் சொல்ல முடியல. செவ்வாக்கெழம சொல்லிடுறேன்” என்றாள். எழுந்து போகும்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மங்கலம் வந்து என்னைக் கூப்பிட்டாள். ஜான்சியிடம் காசு இல்லையாம், பாலகுமார் வருவதற்குள் போய் உட்காரலாம் என்றாள். தில்லையம்மாள் மகள் பிரசவத்துக்குக் காட்டுமன்னார்கோயில் போயிருந்தாள். மங்கலம், கலைமணி, நான், மூன்று பேர் போனோம். தலைவி போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி வரும். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அவள் வாசலில் வேப்பமர நிழல் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

மங்கலம்தான் ஆரம்பித்தாள்.

“என்னாடி ஜான்சி, போனுக்கு ரீசார்ஜ் பண்ண மட்டும் காசு இருக்குதா?”

“அவருதான்க்கா பண்ணி விடுறாரு.”

“அப்ப தவணையும் அவரையே பண்ணி விடச் சொல்லு. அவ்ளோ பணம் வாங்குனியே, வீட்டுல ஒரு பிளாஸ்டிக் சேரு கூடப் புதுசா காணோம். எங்கதான் கொண்டுபோய்க் கொட்டுன?”

ஜான்சி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம் பார்த்தாள். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

“இருங்கக்கா, டீ போட்டுத் தர்றேன். சாரு வரட்டும். அவரு இருக்கும்போதே எல்லாத்தையும் சொல்லிடுறேன்” என்றாள்.

“என்னாத்தச் சொல்லப் போற? காசு குடுடின்னா கத சொல்றாளாம்” என்றாள் மங்கலம். கலைமணி சிரித்தாள்.

காஸ் தீர்ந்துபோயிருந்தது. சிலிண்டர் பணம் போன வாரம் தவணைக்குப் போய்விட்டது. அதனால் ஜான்சி முந்திரி ஓட்டைப் போட்டு அடுப்பு மூட்டப் போனாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுப் பின்னாலும் ஓட்டுக் குவியல் இருக்கும். எண்ணெய் ஓடு, நன்றாக எரியும். வெயில் காலத்திலும் குவியலுக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கும். முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவள், வலது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“பெரிம்மா, சுருக்குன்னு ஏதோ கடிச்ச மாதிரி இருக்கு.”

“ஆரம்பிச்சுட்டாடியம்மா” என்றாள் மங்கலம். “கலைமணி, நீ மயங்கி விழுந்தல்ல, அதுக்கு இது தேவலாம்.”

“போக்கா, எப்பப் பாத்தாலும் அதையே சொல்லிக்கிட்டு” என்றாள் கலைமணி. பிறகு, “அமராவதிக்கா, எதுக்கும் என்னான்னு பாருங்க” என்றாள்.

ஜான்சி என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சுத்தமான கை. என் கையாக இருந்தால் அந்தக் கறுப்பில் எதுவும் தெரிந்திருக்காது. அவள் விரலில் தெரிந்தது. ஊசி குத்தினதுபோல ரெண்டு புள்ளி. வீக்கம் இல்லை.

ரொம்ப யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தச் சின்ன வயசு டாக்டர் முகம் வந்தது. பாலகுமார் வந்து க்ளோஸ் என்று சொன்னது வந்தது. உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே ரோட்டில் ஆட்டோ நிற்கிற இடம் எனக்குத் தெரிந்தது. கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“பூரான்தான்” என்றேன். “ஒண்ணும் பண்ணாது.”

வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து நானே தடவிவிட்டேன். “எரியுதா?” என்று கேட்டேன். “இல்ல பெரிம்மா” என்றாள். எழுந்துபோய் டீ போட்டு, எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை குறைவாகப் போடுவாள். அன்றைக்கும் ஞாபகமாகக் குறைவாகத்தான் போட்டிருந்தாள்.

வெயில் ஏறியது. பேச்சு சீரியல் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் ஜான்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்தாள்.

“வயித்த என்னமோ பண்ணுதுக்கா.”

“கடன் வாங்குனா எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணும்” என்றாள் மங்கலம்.

பிறகு இமை இறங்க ஆரம்பித்தது. “பாரேன், எப்படிக் கண்ணு சொக்குதுன்னு. சினிமாக்காரி கெட்டா போ” என்று மங்கலம் சொன்னாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரியாது. உட்காருகிற இடத்தில் யார்தான் நம்புவார்கள்?

கலைமணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. “ஆட்டோ கூப்புடலாமாக்கா? எனக்கு என்னமோ பயமா இருக்கு” என்று என்னைக் கேட்டாள்.

“கூப்புடலாம்” என்றேன். “ஆனா தவணை கட்டாம இவ எழுந்து போனா, அடுத்த செவ்வாக்கெழம நீயும் வயித்து வலின்னு எழுந்து போவ. அப்பறம் எதுக்கு குழு? பூரான் கடிக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?”

தலைவி சொன்னால் கலைமணி கேட்பாள். உட்கார்ந்துவிட்டாள்.

பாலகுமார் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பைக்கை விட்டு இறங்கவில்லை. “என்னாச்சுக்கா?” என்றார். “ஒண்ணுமில்ல சார், பூரான் கடி. கொஞ்சம் படுத்திருக்கா” என்றேன். அவர் குரலைக் கேட்டதும் ஜான்சி கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். இரண்டு விரலால் தன் இமையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“சார்… கடன்… பெரிம்…”

அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

“பொய் சொல்லணும்னா நாக்கே வராதும்பாங்க, பாருங்க சார்” என்றாள் மங்கலம்.

“என்னாம்மா சொல்ற?” என்று பாலகுமார் கேட்டார். அவள் என்னைக் கையால் காட்டினாள். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். “பெரிம்மா இங்கதான்டி இருக்கேன், எங்கயும் போகல” என்று சொல்லி மடியில் சாய்த்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு அவள் என்னைத் தேடினதுபோலத்தான் இருந்திருக்கும். பாலகுமாருக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது. சாயந்திரம் வருகிறேன் என்று போய்விட்டார்.

அவளுக்கு மூச்சு திணறியதும் மங்கலத்துக்கு முகம் மாறியது. 108-க்குப் போன் செய்தது நான்தான். இதை எல்லோரும் சொல்வார்கள். வண்டி வந்ததும் கூட ஏறினதும் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

குள்ளஞ்சாவடி தாண்டும்போது வண்டி குலுங்கியது. வண்டிக்காரப் பெண் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜான்சியின் தலை என் பக்கம் இருந்தது. கண் மூடியிருந்தது. காது கேட்கும் என்று எனக்குத் தெரியும். சுப்புராயனிடம் ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை என்ற குறை எனக்கு இருந்தது. அதனால் குனிந்து சொன்னேன்.

“கடனப் பத்திக் கவலப்படாத ஜான்சி. எல்லாம் முடிஞ்சிடும்.”

மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்து காதுப் பக்கம் இறங்கியது. தலைப்பால் துடைத்துவிட்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

கட்டுவிரியன் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓட்டுக் குவியலைக் கிளறி அடித்தார்கள், சின்னப் பாம்பு. ஊரில் எல்லோரும் எனக்காகத்தான் அழுதார்கள். “பாவம் அமராவதி, புருசனையும் பூரான்னு நம்பித்தான் பறிகொடுத்தா. மறுபடியும் அதே மாதிரி ஏமாந்துட்டாளே” என்றார்கள். மங்கலம் என் காலைக் கட்டிக்கொண்டு, தான் பேசின பேச்சுக்கு நரகம்தான் என்று அழுதாள். அவளை நான்தான் தேற்றினேன். இப்போதும் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ராஜவேல் வந்து, “நீங்களாவது கூட இருந்தீங்களே பெரிம்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டான். கடன் க்ளோஸ் என்று பாலகுமார் சொல்ல வந்தபோதுதான், கடன் இருந்ததே அவனுக்குத் தெரிந்தது. அவ்வளவு பணத்தை அவள் என்ன செய்தாள் என்று வீடு முழுக்கத் தேடினான். ஒன்றும் இல்லை. அம்மா வீட்டுக்குக் கொடுத்திருப்பாள் என்று சிலர் சொன்னார்கள். வேறு யாருக்கோ கொடுத்திருப்பாள் என்று சிலர் சொன்னார்கள். அவன் குடித்துவிட்டு அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தான். செத்துப்போன பிள்ளையைத் தப்பாகப் பேசாதே என்று நான் அவனுக்குப் புத்தி சொன்னேன். படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு சொன்ன பிறகு மீதியையும் சொல்லிவிடுகிறேன். கடித்தது கட்டுவிரியன் என்று பார்த்ததுமே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பூரான் என்று சொன்னேன். அப்போதே ஆட்டோவில் ஏற்றியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். கலைமணி கூப்பிடலாமா என்று கேட்டபோது ஏற்றியிருந்தாலும் பிழைத்திருப்பாள். பாம்பு ஒரு தரம்தான் கடித்தது. அதற்குப் பிறகு அவள் சாகிறவரைக்கும் காவல் உட்கார்ந்திருந்தது நான். ஜான்சியைக் கொன்றது நான்தான்.

ஆனால் நான் குவியலில் பாம்பை விடவில்லை. அவளை ஓடு அள்ளப் போகச் சொல்லவில்லை. கையால் ஒரு அடி அடித்ததில்லை. அவள் இருந்து சொல்லியிருந்தால் ஐந்து குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும், அவளையும் ராஜவேல் வைத்துக்கொண்டிருக்க மாட்டான். இப்போது குழு நல்லபடியாக இருக்கிறது. தவணை பாக்கி இல்லாத குழு என்று பாலகுமார் பக்கத்து ஊரில் எங்களைத்தான் சொல்கிறார். இலக்கியா முதல் வருடம் பாஸ் செய்துவிட்டாள். ஜான்சியைப் புதைத்த அன்றைக்கு, இனி யார் பேரிலும் கடன் எடுப்பதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையாகத்தான் சொன்னேன். அலைந்து அலைந்து எனக்கும் அலுத்துவிட்டது.

ராஜவேலுக்குச் சமைத்துப் போட அவன் தங்கச்சி சுவேதா வந்திருக்கிறாள். அமைதியான பெண். ஷெட்டில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், தோல் உரிக்கிற பக்கம். குழுவில் ஐந்தாவது ஆள் வேண்டும் என்றார்கள், அவளையே சேர்த்துவிட்டேன். இலக்கியாவுக்கு இன்னும் ஒரு வருடம் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பாலகுமார் மெஷினை நீட்டினார். சுவேதா கட்டைவிரலைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தாள். முதல் தரத்திலேயே பச்சை விளக்கு எரிந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் என்னைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். பெற்ற பெண்ணைப் போலத்தான் பார்த்துக்கொள்கிறேன்.